நடந்தே பார்க்கும் கொழும்பு – 6: வுல்பெண்டால் மேட்டில் மூன்று ஜேர்மன் ஊர்கள்

ஜேர்மனியின் ஹனோவர் நகரத்தில் நடைபாதை மீது ஒரு சிவப்புக்கோடு ஓடுகிறது. அதன் நீளம் 4.2 கிலோமீற்றர். கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நகரத்தின் 36 முக்கியமான இடங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துவிடலாம். வழிகாட்டிக்குக் காசு கொடுக்க வேண்டாம், கூட்டத்தோடு ஓட வேண்டாம். களைத்தால் நின்றுவிட்டு மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். ஹாமெல்ன் என்ற சிற்றூரில் கோட்டுக்குப் பதிலாகத் தரையில் எலிகளைப் பதித்திருக்கிறார்கள். குழல் ஊதி எலிகளையும் பிறகு பிள்ளைகளையும் கூட்டிச் சென்றவனின் கதை அந்த ஊர்க் கதை. பெரிய நகரம், சின்ன ஊர் என்ற வேறுபாடில்லாமல், அந்நியன் ஒருவன் தன் காலாலேயே ஊரைப் படித்துக்கொள்ள வழி செய்து வைப்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

இந்த விஷயம் என் காதுக்கு வந்தது என் மருமகன் மூலமாக. தங்கையின் மகன், ஹம் நகரத்தில் வளர்ந்தவன். காமாட்சி அம்பாள் தேர் பார்க்க ஐரோப்பாத் தமிழர் எல்லாரும் கூடுகிற அதே ஹம். விடுமுறைக்குக் களுபோவிலவில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், வந்த கையோடு கேட்டான்: “மாமா, கொழும்பில பழைய ரவுண் எது? நான் தனிய நடந்து பாக்கலாமோ?”

வெள்ளவத்தை, தெகிவளை, களுபோவில என்று தெற்குப் பக்கம் குடியிருக்கும் நாங்கள் இந்தக் கேள்விக்குக் “கோட்டை” என்றுதான் பதில் சொல்வோம். அது சரியான பதில் இல்லை. கோட்டையின் மதில்களை 1869இலிருந்து ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே நிற்பதில் பெரும்பகுதி அதற்குப் பிந்திய வங்கிகளும் கப்பல் கம்பனிகளும் கட்டியவை. கொழும்பின் பழைய ஊர், மனிதர் விடாமல் குடியிருந்த ஊர், கோட்டைக்கு வெளியே இருக்கிறது: புறக்கோட்டை, அதற்கு வடக்கே மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும் கொட்டாஞ்சேனை. நாங்கள் அங்கே போகாதவர்கள் இல்லை. தாலிக்கொடிக்குச் செட்டியார் தெரு, மொத்தச் சாமானுக்கு நாலாம் குறுக்குத் தெரு, நேர்த்திக்குக் கொச்சிக்கடை அந்தோனியார். போன காரியம் முடிந்ததும் பஸ் ஏறிவிடுகிறோம். அண்ணாந்து பார்த்து, இந்தச் சுவரை யார் கட்டினான், இந்தக் கல்லின் கீழே யார் கிடக்கிறான் என்று கேட்பதில்லை. இந்தத் தொடரை நான் எழுதத் தொடங்கியதே அந்தக் கேள்விகளுக்காகத்தான்.

கோட்டையிலேயே நடையைத் தொடங்கலாம், ஆனால் ஓர் இடத்துக்காக மட்டும். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்குக் காலடியில் தாழ்ந்த ஓட்டுக்கூரையும் உள்முற்றங்களுமாக இருக்கும் ஒல்லாந்தர் வைத்தியசாலை. 1681இலேயே இயங்கிக்கொண்டிருந்த கட்டடம் இது. ஐந்து நீண்ட கட்டுகள், தடித்த சுவர், தேக்கு உத்தரங்கள். 2011 டிசம்பரிலிருந்து உணவகங்களும் கடைகளும் உள்ள இடமாகத் திறந்திருக்கிறார்கள். கொழும்பில் ஒல்லாந்தர் காலத்து வைத்தியம் என்றதும் எனக்கு நினைவில் எழுகிறவர் போல் ஹெர்மன். 1646இல் ஜேர்மனியின் ஹாலே நகரில் பிறந்தவர்; 1672 தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இங்கே இருந்தவர். நோயாளரைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் இந்த நாட்டுச் செடிகளைச் சேகரித்து, உலர்த்தி, ஒட்டி வைத்தார். அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்து அந்தத் தொகுப்பு சுவீடனில் லின்னேயஸ் கைக்குப் போனது. அதை வைத்து அவர் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய நூலை வெளியிட்டார். உலகம் முழுவதும் செடிகொடிகளுக்குப் பெயரிட்ட மனிதர், எங்கள் காட்டுச் செடிகளை ஹெர்மன் ஒட்டி வைத்த தாள்களிலேயே பார்த்தார். அந்தத் தாள்கள் இப்போது இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன.

ஒல்லாந்தர் நகரத்தில் ஜேர்மன்காரருக்கு என்ன வேலை என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒல்லாந்தர் கம்பனி என்பது பெயரில்தான் ஒல்லாந்தருடையது. அதன் போர்வீரரில் பெரும்பகுதியினர் வெளியூரார், அவர்களிலும் ஜேர்மன் பேசும் நாடுகளிலிருந்து வந்தவர்களே அதிகம். 1618இலிருந்து 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் அந்த நாடுகளைச் சூறையாடிவிட்டிருந்தது. ஊரில் பிழைக்க வழியற்ற இளைஞர்கள் அம்ஸ்ரடாமுக்கு நடந்தே வந்தார்கள். அங்கே தங்கவும் சாப்பிடவும் கடன் கொடுத்துவிட்டு, அந்தக் கடனுக்கு ஈடாக அவர்களைக் கம்பனியில் சேர்த்துவிடும் தரகர்கள் இருந்தார்கள். இனிக் கிடைக்கப்போகும் சம்பளம் முன்கூட்டியே தரகன் கைக்குப் போய்விடும். ஏஜென்சிக்குக் காணி விற்றுக் கொடுத்து ஜேர்மனிக்குப் போன எங்கள் பிள்ளைகளின் கதையைக் கேட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. அப்படி 1644இல் கப்பலேறியவர்களில் நியூரம்பேர்க்கைச் சேர்ந்த யோஹான் யாக்கோப் சார் ஒருவர். 1656 மே 12இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பை ஒல்லாந்தர் கைப்பற்றினார்களே, ஏழு மாத முற்றுகைக்குப் பிறகு, அந்த முற்றுகையில் நின்றவர். 1660இல் உயிரோடு ஊர் திரும்பி, 1662இல் தன் அனுபவத்தை நூலாக வெளியிட்டார்.

புறக்கோட்டையை வேகமாகக் கடந்துவிடலாம்; அதற்குத் தனி வாரம் வேண்டும். பிரின்ஸ் வீதியில் பெரிய தூண்களோடு நிற்கும் ஒல்லாந்தர் நூதனசாலை, 1690களில் தோமஸ் வான் ரே என்ற தேசாதிபதி வாழ்ந்த வீடு. பிறகு போதகர்களையும் ஆசிரியர்களையும் பயிற்றும் செமினறி, படைவீரர் வைத்தியசாலை, பொலிஸ் பயிற்சிக்கூடம், தபாற்கந்தோர் என்று பல வேடம் போட்டு 1982இல் நூதனசாலையானது. திறந்திருக்கிறதா என்று முன்கூட்டி விசாரித்துப் போங்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்பும் வெள்ளையுமாகச் செங்கல் வரி போட்ட சம்மாங்கோட்டுப் பள்ளி. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது, 1909இல் கட்டி முடிந்தது. மெயின் வீதி முடிவில் 1873ஆம் ஆண்டின் பழைய மாநகரசபை மண்டபம். நாட்டாமைமார் தள்ளும் கைவண்டிகளுக்கு வழி விட்டு ஒதுங்கும்போது, பக்கத்தில் ஒரு மணிக்கூண்டு தெரியும். கேமன் வாசல் மணி. கோட்டே இராசதானியில் போர்த்துக்கேயர் கட்டிய தேவாலயத்தின் மணி அது. ஒல்லாந்தர் அதை இங்கே தொங்கவிட்டு, இரவில் ஊரடங்கு அறிவிக்க அடித்தார்கள். அதைக் கடந்து போகிற ஆயிரக்கணக்கானோரில் ஒருவர்கூட நிமிர்ந்து பார்த்ததை நான் கண்டதில்லை.

இங்கிருந்து மேடு தொடங்குகிறது.

வுல்பெண்டால் தேவாலயம் இந்த நடையின் உயிர். கொழும்பில் நேரம் குறைவாக உள்ளவர் ஒரேயொரு இடம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். மேட்டின் உச்சியில், நான்கு கையும் ஒரே நீளமான சிலுவை வடிவில் நிற்கிறது. சுவர் கிட்டத்தட்ட ஐந்தடித் தடிப்பு. 1749இல் அடிக்கல் நாட்டி, 1757 மார்ச் 6இல் பிரதிஷ்டை செய்தார்கள். முதலில் நடுவில் செங்கல் கூரை இருந்தது. 1856இல் இடி விழுந்து சிதைந்தபின் கூரையின் தோற்றம் மாறிவிட்டது. வெளியே வெயிலும் லொறிச் சத்தமும். உள்ளே கால் வைத்ததும் இரண்டும் அறுந்துவிடும். தரை முழுவதும், சுவரோரம் முழுவதும் கல்லறைக் கற்கள். கொடிவழிச் சின்னங்கள், தலைக்கவசங்கள், ஒல்லாந்த மொழியில் ஆழமாக வெட்டிய எழுத்துக்கள்.

என் மருமகன் அந்தக் கற்களின் முன் குந்தி இருந்துவிட்டான். அவன் ஒல்லாந்த மொழி படித்தவனில்லை. ஆனால் ஜேர்மன் தெரிந்தவனுக்கு அது பாதிக்குப் பாதி புரிகிறது. “இந்த ஆள் பிறந்த ஊர் எழுதிக் கிடக்கு மாமா... இது எங்கட பக்கத்து ஊர்!” என்று அவன் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் வெகுகாலமாகக் கடந்து போன கற்கள் எனக்கே பேசத் தொடங்கின. கொழும்பில் வாழ்ந்தவர்களின் வாழ்வை, கொழும்பின் கல்லில், ஹம்மிலிருந்து வந்த தமிழ்ப் பையன் வாசித்துச் சொல்கிறான். இது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது.

அன்று வீடு திரும்பியபின் புத்தகங்களைப் புரட்டி, அந்தத் தேவாலயத்தோடு தொடர்புடைய தேசாதிபதிகள் எங்கே பிறந்தவர்கள் என்று பார்த்தேன். மூன்று பேர், மூன்று ஊர். மூன்றும் இன்றைய ஜேர்மனிக்குள் இருக்கின்றன.

முதல் ஊர் றேஸ். ரைன் ஆற்றங்கரையில், ஒல்லாந்து எல்லைக்கு அருகே இருக்கும் சிறு நகரம். 1228இல் நகர உரிமை பெற்றது, பழைய மதில் ஆற்றோரமாக இன்னும் நிற்கிறது. 1619இல் அங்கே பிறந்தவர் றைக்லொவ் வான் கூன்ஸ். யாழ்ப்பாணத்தாருக்கு இந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் பழக்கம்: 1658இல் மன்னாரையும் பின் யாழ்ப்பாணக் கோட்டையையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த படையின் தளபதி. பண்ணையிலிருந்து பார்க்கும் அந்த நட்சத்திரக் கோட்டையின் வரலாறு அவரோடுதான் திரும்பியது. பிறகு இலங்கையின் தேசாதிபதியானார். வுல்பெண்டாலில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டியின் மரத்தாங்கி 1667ஆம் ஆண்டினது. தன் மகளின் ஞானஸ்நானத்தின்போது அவர் கொடுத்த காணிக்கை, கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்திலிருந்து இங்கே வந்தது. அந்த மகளுக்கு அவர் வைத்த பெயர் எஸ்தர் சிலோனியா. பிடித்த நாட்டின் பெயரைப் பெற்ற பிள்ளைக்கு வைத்திருக்கிறார்.

இரண்டாவது ஊர் லேயர். வட கடலோரத்தில் கிழக்கு பிரீசியா என்ற பகுதியில் இருக்கிறது. தேநீர் குடிப்பதில் ஜேர்மனி முழுவதிலும் பேர்போன பகுதி அது. 1705இல் அங்கே பிறந்த குஸ்தாவ் வில்லெம் வான் இம்ஹொவ் 1736இலிருந்து 1740 வரை இங்கே தேசாதிபதி. அவருடைய காலத்தில்தான் இலங்கையின் முதல் அச்சகம் கொழும்பில் இயங்கத் தொடங்கியது. 1737இல் முதல் சிங்கள நூல் அச்சேறியது. தமிழும் தொடர்ந்தது. இங்கே நான் கொஞ்சம் நின்றுதான் போவேன், ஏனென்றால் எங்களவர் மறந்துவிட்ட ஒருவர் இந்த இடத்தில் வருகிறார்.

பிலிப்பு தெ மெல்லோ. 1723இல் பிறந்த தமிழர், கொழும்புச் செமினறியில் உருவானவர். தமிழோடு ஒல்லாந்தம், இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் கற்றவர். ஒல்லாந்தர் சபையில் போதகராக அபிஷேகம் பெற்று வடக்கில் பணி செய்தார். 1753இல் ‘சத்தியத்தின் செயம்’ என்ற உரைநடை நூலை எழுதினார். 1759இல் கொழும்பில் அச்சான தமிழ்ப் புதிய ஏற்பாடு அவருடைய உழைப்பு. தமிழ் அச்சு என்றால் தரங்கம்பாடியையும், 1706இல் அங்கே வந்திறங்கிய சீகன்பால்குவையும் சொல்கிறோம். அவர் படித்ததும் ஹெர்மன் பிறந்த அதே ஹாலேயில்தான். அது சொல்லப்பட வேண்டியதுதான். ஆனால் ஒரு தலைமுறை கழித்துக் கொழும்பில் ஒரு தமிழரே மொழிபெயர்த்து, கொழும்பிலேயே அச்சுக்கோத்து வெளியான நூலை நாங்கள் சொல்வதில்லை. சைமன் காசிச்செட்டி 1859இல் வெளியிட்ட தமிழ்ப் புலவர் வரலாற்றில் தெ மெல்லோவுக்கு இடம் கொடுத்தார். இந்தப் பகுதியில் ஒரு தெருவுக்கு, ஒரு சின்ன நூலகத்துக்கு, ஒரு சுவர்ப் பலகைக்காவது அவர் பெயரை வைக்கலாம். நான் இதை ஒரு கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

மூன்றாவது ஊர் விட்முண்ட். லேயருக்கு வடக்கே, அதே கிழக்கு பிரீசியாவில். 1727இல் அங்கே பிறந்த யோஹான் வான் அங்கெல்பேக், ஒல்லாந்தரின் கடைசித் தேசாதிபதி. 1796 பெப்ரவரியில் ஆங்கிலப் படை கொழும்பை நெருங்கியபோது அவர் பெரிய சண்டை எதுவும் இல்லாமல் நகரத்தை ஒப்படைத்தார். கோட்டையைக் காத்துக்கொண்டிருந்த சுவிஸ் கூலிப்படையை ஆங்கிலேயர் ஏற்கெனவே ஐரோப்பாவில் வைத்தே பேரம் பேசித் தங்கள் பக்கம் வாங்கிவிட்டார்கள். அவருக்கு மிஞ்சியிருந்தது சொற்பம். சொந்த வீரரே அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று தூற்றினார்கள். அவர் நாட்டை விட்டுப் போகவில்லை. தோற்ற நகரத்திலேயே வாழ்ந்து 1799இல் இறந்தார். அவர் எடுத்த முடிவை வரலாற்றாசிரியர்கள் இன்னும் இரண்டு விதமாகத்தான் எழுதுகிறார்கள். என் மனம் அவர் பக்கம் சாய்கிறது: மதிலுக்குள் குடிமக்கள் இருந்தார்கள், குண்டுமழையைத் தவிர்த்தது குற்றமாகாது.

கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயம் பாழடைந்தபின், அங்கே புதைக்கப்பட்ட தேசாதிபதிகளின் எச்சங்களை 1813 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு தீப்பந்த ஒளியில் ஊர்வலமாக வுல்பெண்டாலுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது ஆள்வது ஆங்கிலேயர். தோற்கடிக்கப்பட்டவர்களின் பிரேதங்களுக்கு வென்றவர்களின் நகரத்தில் மரியாதை. இந்த நாட்டில் இறந்தவர்களை நினைவுகொள்வதே எவ்வளவு காலம் பிரச்சினையாக இருந்தது என்று அறிந்த எவரும் அந்த இரவை இலேசாகக் கடந்து போக முடியாது. அங்கெல்பேக்கும் இப்போது இந்த மேட்டில்தான் துயில்கிறார்.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் ஆட்சியைத் தொடக்கிவைத்த தளபதி, நடுவில் அச்சகம் தந்தவர், முடித்துவைத்தவர்: மூவரும் றேஸ், லேயர், விட்முண்ட் என்ற மூன்று சிற்றூர்களின் பிள்ளைகள். எங்கள் காணிக்கு வரி விதித்தவர்கள் எந்தத் தெருவில் விளையாடி வளர்ந்தார்கள் என்று தெரிந்துகொள்வது வீண் ஆவல் இல்லை. ஹம்மிலிருந்து றேஸுக்கு ரயிலிலும் பஸ்ஸிலுமாக அரைநாளில் போய்வரலாமாம். போய்ப் படம் எடுத்து அனுப்புவதாக மருமகன் வாக்குக் கொடுத்திருக்கிறான்.

மேட்டிலிருந்து கிழக்கே நடந்தால் சாந்த லூசியா பேராலயம். 1870களில் தொடங்கிப் பல ஆண்டுகள் கட்டிய மாபெரும் கட்டடம். முகப்புத் தூண்களை நின்று பார்க்காமல் போகாதீர்கள். கூப்பிடு தூரத்தில் தீபதுத்தாராமய விகாரை. 1885ஆம் ஆண்டு வெசாக் நாளில் பௌத்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது இங்கேதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1883ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று, இந்தத் தெருக்களில்தான் பௌத்தரின் பெரஹெரா தாக்கப்பட்ட கொட்டாஞ்சேனைக் கலவரம் நடந்தது. அதன் விளைவாக எழுந்த முறைப்பாடுகள் இலண்டன் வரை போய், வெசாக் அரச விடுமுறையாக முடிந்தது.

திரும்பி ஜம்பட்டா வீதியால் மேற்கே இறங்குங்கள். விவேகானந்தா மேட்டில் 1902இல் தொடங்கிய விவேகானந்த சபை. சுவாமி விவேகானந்தர் 1896இல் கீல் நகரத்துக்குப் போய் வேதாந்த அறிஞர் போல் டொய்சனைச் சந்தித்துவிட்டு, ஆண்டு முடிவில் நேப்பிள்ஸில் ஒரு ஜேர்மன் கப்பலில் ஏறி, 1897 ஜனவரி 15இல் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். மேற்கிலிருந்து திரும்பியவர் தெற்காசியாவில் முதலில் மிதித்த மண் இது. கீழே ஸ்ரீ இராமநாதன் மாவத்தையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் 1850களில் கட்டியதை, மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இலிருந்து 1912 வரை முழுக்கக் கருங்கல்லால் திரும்ப எழுப்பினார். உள்ளே நின்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குள் நிற்பதாகவே தோன்றும். தூண்களைத் தொட்டுப் பாருங்கள், உச்சி வெயிலிலும் குளிர்ந்திருக்கும்.

அங்கிருந்து சில நிமிட நடையில் கொச்சிக்கடை அந்தோனியார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்திருந்த காலத்தில் ஒளிந்து பணி செய்த குருவானவரின் நினைவில் தொடங்கிய இடம். 1834இல் தேவாலயமாகப் பிரதிஷ்டையானது. 2019 ஏப்ரல் 21இல் இங்கே வெடித்த குண்டைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. ஜூன் 12இல் மீண்டும் திறந்தார்கள். அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, செவ்வாய்க்கிழமைகளில் வரிசையில் நிற்பவர்களில் எந்தச் சமயத்தவர் இல்லை என்று சொல்ல முடியாது. பிறகு செட்டியார் தெரு. நகைக்கடைகளின் நடுவே பழைய, புதிய கதிரேசன் கோயில்கள். ஆடிவேல் தேர் இங்கிருந்துதான் பம்பலப்பிட்டிக்குப் புறப்படும். 1983இல் இந்தத் தெரு எரிந்ததைக் கண்டவர்கள் இன்னும் கல்லாப்பெட்டியில் இருக்கிறார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், எந்தப் பலகையும் சொல்லாததைச் சொல்வார்கள்.

களுபோவிலவிலிருந்து வருவதானால் கொஹுவளைக்கு வந்து 120ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்தால் புறக்கோட்டையில் இறங்கலாம். காலை எட்டு மணிக்கு முன் தொடங்கினால் வெயில் ஏறுமுன் மேட்டைக் கடந்துவிடலாம். குடையும் தண்ணீரும் வேண்டும், கோயில்களுக்கு ஏற்ற உடுப்பும் வேண்டும். எண் போட்டு வரிசையாகக் கூட்டிச் செல்லும் பலகை எதையும் வழியில் நான் காணவில்லை. மாநகரசபை ஒருநாள் வைத்தால், மூன்று மொழியிலும் வைக்கட்டும். அதுவரை இந்தப் பக்கத்தைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் இன்னும் வடக்கே, களனி கங்கை கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்குப் போவோம். 1881 நவம்பரில் ஜேர்மனியின் யேனா நகரத்திலிருந்து வந்த விலங்கியல் பேராசிரியர் ஏர்ன்ஸ்ட் ஹெக்கெல் தங்கியிருந்த விஸ்ற் பங்களா அங்கேதான் இருந்தது.